அட்டையில் இருந்த நாடி

அன்றைக்கு அனுமதி கிடைக்க நான்கு முறை கேட்க வேண்டியிருந்தது.

உங்கள் நாடியைப் பார்க்கலாமா என்று சிஸ்டர் முதல்முறை கேட்டபோது, சோபாவில் நீட்டிப் படுத்திருந்த அவள் கணவன் முடியாது என்று தலையை ஆட்டினான். இரண்டாம் முறை கேட்டதற்கு, வீட்டில் நாய் தனியாக இருக்கிறது, அதற்கு யார் சோறு வைப்பார்கள் என்று கவலைப்பட்டான். அவர்களிடம் நாய் எதுவும் கிடையாது. மூன்றாம் முறை கண்ணை மூடிக்கொண்டு குறட்டை விட்டான்.

"ஒழுங்கா நடிங்க. ஏழரைக்கு எனக்கு பஸ்."

"நோயாளின்னா கேட்ட உடனே கையை நீட்டிடுவானா? எத்தனை பேரைப் பார்த்திருப்பே. அடம் பிடிக்கறவன்தான் அசல் நோயாளி."

"பரீட்சைல வர்றவர் அடம் பிடிக்க மாட்டார். அவருக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்திருப்பாங்க."

"எனக்குச் சொல்லிக் கொடுத்தது நீதானே? அப்போ தப்பு யாரோடது, சிஸ்டர்?"

நான்காம் முறை கேட்டதும் வலது கையை நீட்டினான். மணிக்கட்டில் காகிதப் பட்டை ஒன்று ஒட்டியிருந்தது. அதில் வேறு யாருடைய பெயரோ, வேறு யாருடைய பிறந்த தேதியோ எழுதியிருந்தது. மூன்று மாதமாக, ஞாயிறு தவிர மற்ற நாட்களில் காலை ஆறரை முதல் ஏழு வரை அவன் ஓய்வுபெற்ற தபால்காரன்; வயது எழுபத்திரண்டு; நெஞ்சு லேசாக இறுகுவதாகச் சொல்லி ஆஸ்பத்திரியில் சேர்ந்திருப்பவன். பயிற்சிக்கான அட்டையில் அப்படித்தான் போட்டிருந்தது. நாய் மட்டும் அவன் சொந்தச் சரக்கு. அது ஒரு வாரம் நொண்டியது, ஒரு வாரம் பக்கத்து வீட்டுக்காரரின் செருப்பைத் தின்றது. பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருக்கும் மகள், நாய்க்கு இன்று என்ன ஆயிற்று என்று கேட்காமல் காலில் ஷூ மாட்ட மாட்டாள். பதின்மூன்று வயதாகியும் அவளுக்கு வீட்டில் பாப்பா என்றுதான் பெயர்.

கட்டின மனைவியை அவன் சிஸ்டர் என்று கூப்பிடுவதற்கும் ஒரு கதை இருந்தது. பழைய ஊரில் அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்குத் தடுப்பூசி வைக்கும் ஃபிரிட்ஜைப் பழுதுபார்க்க வந்த மெக்கானிக் அவன். ஒருமுறை சரிசெய்தால் போதும் என்றிருந்த ஃபிரிட்ஜை ஐந்து முறை வந்து சரிசெய்தான். வார்டில் எல்லாரும் கூப்பிடுவதைப் போல அவனும் சிஸ்டர் என்றான். கல்யாணம் ஆன பிறகும் அந்த வாய் மாறவில்லை. கேட்கிறவர்கள் என்னடா நினைப்பார்கள் என்று அவனுடைய அம்மா தலையில் அடித்துக்கொண்டார். அவன் சிரித்தானே தவிர விடவில்லை. இந்த நாட்டுக்கு வந்த பிறகு அவளை அப்படிக் கூப்பிட அவன் ஒருவன்தான் மிச்சம். இங்கே அவள் நர்ஸ் இல்லை. நர்ஸுகளுக்கு ஒரு நிறத்திலும் உதவியாட்களுக்கு ஒரு நிறத்திலும் சட்டை கொடுத்திருந்தார்கள். அவள் போட்டுக்கொண்டு போனது இரண்டாவது நிறம்.

பத்தொன்பது வருட அனுபவம் இருந்தாலும் செய்முறைப் பரீட்சை ஒன்றில் தேறினால்தான் முதல் நிறம் கிடைக்கும். இரண்டு வாய்ப்புகள். முதல் வாய்ப்பை அவள் ஏற்கெனவே கோட்டை விட்டிருந்தாள். வேலை தெரியாமல் விட்டதல்ல. அறைக்குள் நுழைந்ததும், நோயாளியாக நடிக்க வந்தவர் கட்டிலில் சரிந்து கிடந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நடிப்புதான். ஆனால் அவள் கைகளுக்கு அது தெரியவில்லை. நேரே போய் அவரைத் தூக்கி நிமிர்த்தி, முதுகுக்குத் தலையணை வைத்து, நெற்றியைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் அவள் வாயே திறந்தாள். அனுமதி கேட்கவில்லை, பெயரைச் சரிபார்க்கவில்லை, செய்வதைச் சொல்லிச் செய்யவில்லை என்று மூன்று வரியில் முடிவு வந்தது. பத்தொன்பது வருடமாகப் பேசாமல் வேலை செய்து பழகிய கைக்கு இனிமேல் வாயும் முளைக்க வேண்டும்; இரண்டாவது வாய்ப்பும் போனால் மூன்று பேரும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

அதனால்தான் இந்தத் தபால்காரன்.

அவள் அவன் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்தாள். சட்டையில் குத்தியிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். பரீட்சையில் இந்த இடம் சுலபமானது. விரலைச் சரியான இடத்தில் வைத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் நின்றால் போதும். பிறகு தேர்வாளர் ஓர் அட்டையை நீட்டுவார். அதிலுள்ள எண்ணைத்தான் குறிப்பில் எழுத வேண்டும். நடிக்க வந்தவருடைய சொந்த நாடி யாருக்கு வேண்டும்? ஆகவே அந்த ஒரு நிமிடத்தை அவள் வேறு வேலைக்கு வைத்துக்கொண்டாள். அடுத்துச் சொல்ல வேண்டிய வாக்கியங்களை, நாக்குக்கு இன்னும் வசப்படாத அந்த ஊர் மொழியில், உதட்டை மட்டும் அசைத்துச் சொல்லிப் பார்ப்பாள்.

நிமிடம் முடிந்ததும் அவன் இடது கையில் வைத்திருந்த அட்டையைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் படித்தான்.

"எழுபத்தெட்டு. சீரா இருக்கு."

அவள் எழுதிக்கொண்டாள்.

பதினோரு மணிக்கு அவள் ஒரு முதியவருக்கு முகச்சவரம் செய்துகொண்டிருந்தாள். ஒரு கன்னம் முடிந்து, மறு கன்னத்தில் சோப்பு நுரை அப்படியே இருந்தது. வார்டின் தலைமை நர்ஸ் வந்து, கையுறையைக் கழற்றிவிட்டுத் தன்னோடு வரச் சொன்னாள். மெதுவான, ஏற்ற இறக்கமில்லாத குரல். அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். பத்தொன்பது வருடமாக எத்தனையோ வீட்டாரிடம் அவளே அந்தக் குரலில் பேசியிருக்கிறாள்.

அவன் வேலை பார்த்த பெரிய கடையின் குளிர் அறையில், மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு நிமிர்ந்தவன் அப்படியே சரிந்திருக்கிறான். தூக்கிக்கொண்டு இதே ஆஸ்பத்திரிக்குத்தான் வந்திருந்தார்கள். கீழ்த்தளம். அவள் போய்ச் சேர்ந்தபோது எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றிருந்தார்கள். அதன் அர்த்தமும் அவளுக்குத் தெரியும்.

இளவயது டாக்டர் ஒருவர் அவளை உட்கார வைத்து, தானும் எதிரே உட்கார்ந்தார். நல்ல மனிதர். இதயம் தாளம் தப்பித் துடித்திருக்கிறது, அதனால் உறைந்த ரத்தம் எங்கோ போய் அடைத்திருக்கிறது என்று நிதானமாகச் சொன்னார். இது இன்று நேற்று வந்ததாக இருக்காது, சில மாதங்களாகவே விட்டு விட்டு வந்திருக்கலாம் என்றார். பிறகு, எல்லாரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்: வீட்டில் யாராவது எப்போதாவது அவருடைய நாடியைப் பார்த்ததுண்டா?

தினமும் நான் பார்ப்பேன் என்றாள் அவள்.

எப்படி இருக்கும்?

"எழுபத்தெட்டு. சீராக."

யோசித்துச் சொன்னதல்ல. பாடம் ஒப்பிக்கிற பிள்ளையின் வாயிலிருந்து வருவது போல வந்துவிட்டது. டாக்டர் அதைக் கம்ப்யூட்டரில் பதிந்துகொண்டார். மனைவி, நர்ஸ், தினமும் பார்த்திருக்கிறார் என்றும் சேர்த்துக்கொண்டார். இந்த நாட்டில் அவளை நர்ஸ் என்று குறிப்பிட்ட முதல் காகிதம் அதுதான்.

அவனை இந்த நாட்டிலேயே எரித்தார்கள். ஊருக்குக் கொண்டுபோக ஆகும் நாட்களையும் படிவங்களையும் பற்றி யாரோ விளக்கியபோது, அவனுடைய அம்மாதான் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிள்ளையை இத்தனை நாள் பெட்டியில் வைத்திருக்க வேண்டாம், குளிர் அறையிலேயே நின்று வேலை பார்த்தவன், இனியாவது குளிரில் கிடக்க வேண்டாம் என்றார். அவர்களுடைய தோழி சீனியர் தன் போனைத் தூக்கிப் பிடித்து அவருக்குக் காட்டினாள். திரையில் அத்தையின் நெற்றியும் அதற்கு மேலே மின்விசிறியும்தான் தெரிந்தன. போனை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அவருக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. பக்கத்தில் இருந்து பிடித்துக்கொடுக்கவும் ஆள் இல்லை.

சீனியர் என்பது அவர்கள் இருவரும் வைத்த பெயர். சிஸ்டரைவிட ஐந்து வயது சின்னவள். ஆனால் ஒரு வருடம் முன்னால் வந்து, முதல் முயற்சியிலேயே பரீட்சை தேறியவள். தபால்காரன் அட்டையைக் கொடுத்தது அவள்தான்.

பரீட்சைக்கு ஐந்து வாரம் இருந்தது. தள்ளி வைக்கக் கேட்கலாம் என்றார்கள், ஆனால் எத்தனை மாதம் ஆகும் என்று தெரியாது. வேலை ஒப்பந்தமோ இரண்டு மாதத்தில் முடிகிறது. திரும்பிப் போவதென்றால் போகலாம். பாப்பாவிடம் கேட்டாள். எனக்கு ரெண்டு ஊரும் ஒண்ணுதான், ரெண்டுலயும் அப்பா இல்ல என்று சொல்லிவிட்டு அது தன் பாட்டுக்கு வீட்டுப்பாடத்தை எழுதியது. சிஸ்டர் பத்து நாளில் வேலைக்குத் திரும்பினாள். அந்த முதியவர் தானே சவரம் செய்துகொள்ளப் பழகியிருந்தார்.

வேலையில் குறை ஒன்றும் இல்லை. படுக்கை மாற்றினாள், குளிப்பாட்டினாள், ஊட்டினாள். நாடியைப் பார்க்க வார்டில் இயந்திரம் இருந்தது. விரலில் கவ்வ வைத்தால் அதுவே எண்ணைக் காட்டிவிடும். ஆனால் பரீட்சையில் இயந்திரம் கிடையாது. விரல்தான். பன்னிரண்டாம் நாள் மாலை சீனியர் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, தானாகவே சோபாவில் படுத்தாள்.

"வாங்க. இன்னைக்கு நான்தான் பேஷண்ட். நாய்க்கதை எல்லாம் எனக்கு வராது, சொல்லிட்டேன்."

சிஸ்டர் பெயர் கேட்டாள், தேதி கேட்டாள், அனுமதி கேட்டாள், கை கழுவுவதாகச் சொல்லிக் கழுவினாள். எல்லாம் மடமடவென்று வந்தது. மணிக்கட்டில் விரலை வைத்ததும் கை நெருப்பைத் தொட்டது போல் பின்வாங்கியது. மறுபடியும் வைத்தாள். மறுபடியும் எடுத்துக்கொண்டாள். மூன்றாம் முறை, சீனியர் அவள் கையைப் பிடித்துத் தன் மணிக்கட்டில் வைத்து அமுக்கிக்கொண்டாள். சிஸ்டர் அதை உருவிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

சீனியர் பின்னாலேயே வந்து நின்றாள்.

"அவர் ஞாபகம் வருது. அதானே?"

ஆமாம் என்று சொல்லிவிட்டிருக்கலாம். அது பாதி உண்மை. மீதிப் பாதியை அவள் சீனியரிடம் சொல்லவில்லை. அந்த அட்டையைக் கொடுத்தவள் அவள். சொன்னால் அந்தப் பாரம் அவள் தலையிலும் ஏறும்.

மீதிப் பாதி இதுதான். பழைய ஆஸ்பத்திரியில் சிஸ்டருக்கு ஒரு கெட்ட பெயர் இருந்தது. புதிதாக வரும் பெண்கள் வேலைச் சுமையில், நாடியை எண்ணாமலே எழுபத்திரண்டு, எழுபத்தாறு, எண்பது என்று குறிப்பேட்டை நிரப்பிவிடுவார்கள். எல்லா வார்டிலும் நடப்பது. அவள் வார்டில் நடக்காது. வரிசையாக ஒரே மாதிரி எண்களைப் பார்த்தால் கூப்பிட்டு நிறுத்தி, நோயாளியின் கையைப் பிடிக்கச் சொல்லி, தானும் மறு கையைப் பிடித்துக்கொண்டு எண்ணுவாள். ஒருமுறை ஒரு பெண், எல்லார் முன்னாலும் நிற்க வைத்துவிட்டீர்களே என்று அழுதது. எண்ணாத எண்ணை எழுதுவதும் எண்ணெய் இல்லாத விளக்கைப் பக்கத்தில் வைத்துவிட்டு வருவதும் ஒன்று என்று அவள் அன்று சொன்னாள். அவளே செய்த வாக்கியம். தன்னைப் பற்றி அவளுக்கே கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அப்படிப்பட்டவள் மூன்று மாதம், தன் வீட்டுச் சோபாவில், தன் கணவனின் கையைப் பிடித்துக்கொண்டு, அவனுடைய நாடியை அவனையே அட்டையில் பார்த்துப் படிக்கச் சொல்லி எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள். விரலுக்கடியில் அது தாளம் தப்பியிருக்குமா? ஓடி, நின்று, தடுக்கி, மறுபடி ஓடியிருக்குமா? எவ்வளவு முயன்றாலும் நினைவுக்கு வரவில்லை. அந்த நிமிடங்களில் அவள் மனம் முழுக்க வேறொரு மொழியின் வாக்கியங்கள்தான் இருந்தன.

அத்தை ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுவார். அந்த வாரம் பேச்சு சாப்பாட்டைப் பற்றியும், பாப்பாவின் இருமலைப் பற்றியும் போனது. பாப்பா பேசி முடித்துவிட்டு அறைக்குள் போன பிறகு, சிஸ்டர் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சோபா, காகிதப் பட்டை, அட்டை, டாக்டரிடம் தன் வாயில் வந்த எண். சொல்லும்போது ஓர் அறிக்கை வாசிப்பது போலத்தான் இருந்தது. உங்க பிள்ளையோட கையைப் பிடிச்சுக்கிட்டு நான் எண்ணலை அத்தை என்று முடித்தாள்.

  

"எந்தக் கை?" என்றார் அத்தை.

"வலது கை. இடது கைல அட்டை வச்சிருப்பார்."

"எவ்வளவு நேரம் பிடிச்சிருப்பே?"

"ஒரு நிமிஷம்."

"தினமுமா?"

"ஞாயித்துக்கிழமை தவிர."

அத்தை மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அவன் கிளம்பிப் போய் ரெண்டு வருஷமாச்சு. ஏர்போர்ட்ல என்னை உள்ள விடல. கண்ணாடிக்கு இந்தப் பக்கமே நின்னு கையை ஆட்டினேன். அதுக்கப்புறம் போன்ல முகத்தைப் பார்த்தேன், குரலைக் கேட்டேன். கையை எங்க தொட்டேன்? அவன் கை எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு எனக்கு. சூடா இருந்துச்சா?"

"இருந்துச்சு அத்தை."

"சும்மா வச்சிருந்தானா? நகம் வெட்டக்கூட விடமாட்டானே. கையைப் பிடிச்சா மீன் மாதிரி துள்ளுவான்."

"மாட்டேன்னு அடம் பிடிப்பார். நாலு தடவை கேக்கணும். குடுத்த அப்புறம் சும்மா வச்சிருப்பார்."

"உள்ளங்கை?"

"காய்ச்சுப் போயிருக்கும். கட்டைவிரல் கிட்ட ஒரு சுட்ட தழும்பு இருக்கும்."

"அது பத்தாங்கிளாஸ் படிக்கறப்போ. அயர்ன் பாக்ஸைப் பிரிச்சுப் போட்டு ஆராய்ச்சி பண்ணான்." அத்தை சிரித்தாரா அழுதாரா என்று சொல்ல முடியவில்லை. "மூணு மாசம் என் பிள்ளை கையைத் தினம் ஒருத்தி பிடிச்சிட்டு இருந்திருக்கா. இன்னைக்குத்தான் எனக்குத் தெரியுது. எனக்கு இது போதும்."

"அத்தை, நான் எண்ணலை."

"அதான் சொல்லிட்டியே. எனக்கு உங்க தொழில் தெரியாது. எண்ணியிருந்தா என்ன, எண்ணாட்டி என்னன்னு சொல்ல நான் யாரு? அது தப்புன்னா, யார்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட போய்ச் சொல்லு. என்கிட்ட சொல்ல வேண்டியது இந்தக் கை விஷயம்தான். அடுத்த வாரமும் சொல்லு."

போனை வைத்த பிறகு சிஸ்டர் அங்கேயே நின்றாள். துடிப்பு ஒன்றுகூட நினைவில் இல்லை. ஆனால் தழும்பு நினைவிருந்தது. கடிகாரப் பட்டை அழுத்திய வெளுத்த வளையம் நினைவிருந்தது. ஈரம் காயாத புறங்கை, அதில் சோப்பு வாசனை. கேட்டிருக்காவிட்டால் இதெல்லாம் தன்னிடம் இருப்பதே தெரிந்திருக்காது.

மறுநாள் இடைவேளையில் கீழ்த்தளத்துக்குப் போனாள். அந்த இளம் டாக்டர் நடைபாதையில் காபி இயந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். அவளை அடையாளம் கண்டதும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். அன்று நான் சொன்ன எண் நான் எண்ணியது அல்ல, பயிற்சி அட்டையில் அச்சடித்திருந்தது, அதைத் திருத்த வேண்டும் என்று அவள் சொன்னாள். அந்த ஊர் மொழியில் அவள் இதுவரை பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான், எங்கும் தடுக்கவில்லை.

டாக்டர் அவளைத் தேற்றப் பார்த்தார். இந்த மாதிரித் தாளப் பிசகு வரும் போகும், அவள் பிடித்த நிமிடங்களில் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம், இனி யாராலும் சொல்ல முடியாது என்றார். அந்தக் குறிப்பை இனிமேல் யாரும் திறந்து பார்க்கப்போவதுமில்லை என்றும் சொன்னார்.

அது தனக்கும் தெரியும் என்றாள் அவள். இருந்தாலும் திருத்த வேண்டும்.

எண்ணை நீக்கிவிடட்டுமா என்று கேட்டார். நீக்கக் கூடாது என்றாள். தவறாக எழுதியதை அழிக்கக் கூடாது. குறுக்கே ஒரு கோடு போட வேண்டும். கோட்டுக்கு அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதித் தேதி போட வேண்டும். எந்த ஊர் நர்ஸுக்கும் முதல் மாதம் சொல்லித் தருவது இது. டாக்டர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு அறைக்குள் அழைத்துப்போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தார். அதில் கோடு போட வழி இல்லாததால், அந்த வரியை அப்படியே விட்டு அடியில் புதிய வரி ஒன்று சேர்த்தார்: மேற்கண்ட எண் அளவிடப்பட்டதல்ல, நாடி தெரியாது. தேதி போட்டார். தகவல் தந்தவர் என்ற இடத்தில் அவள் பெயரைத் தட்டச்சு செய்தார். அவள் இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு நன்றி சொன்னாள்.

படியேறி வார்டுக்கு வந்தாள்.  பிறகு மூன்று ரொட்டித் துண்டுகளைச் சாப்பிட்டாள்.

அந்த வாரமே பாப்பா ஒரு நாள் காலை ஆறரைக்கு எழுந்து வந்து சோபாவில் படுத்தது. போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு, கையை மட்டும் வெளியே நீட்டியது. மணிக்கட்டில் புதிதாக ஒரு காகிதப் பட்டை. அதில் தன் சொந்தப் பெயரையும் பிறந்த தேதியையும் எழுதி ஒட்டியிருந்தது.

"அட்டை எங்கே?" என்றாள் சிஸ்டர்.

"அட்டை வேணாம். நீ எண்ணு, நான் எழுதறேன்."

கதவுக்குப் பின்னால் நின்று போன் பேச்சைக் கேட்டிருக்கிறது. அந்த வீட்டில் ஒளிந்து கேட்பதற்குத் தனி இடமும் தேவையில்லை. இருந்ததே ஓர் அறையும் ஒரு கூடமும்தான்.

சிஸ்டர் அனுமதி கேட்டாள். பாப்பா முதல்முறையே சரி என்றது. விரல்களை வைத்தாள். கை பின்வாங்கப் பார்த்தது, விடவில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினாள். பிள்ளையின் நாடி குருவியுடையதைப் போல விரல் நுனியில் குதித்தது. முப்பது விநாடியில் கண் கலங்கிக் கடிகார முள் தெரியாமல் போயிற்று. துடைத்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"தொண்ணூத்தி நாலு," என்றாள். "சீரா இருக்கு."

"ஜாஸ்தியா?"

"பயந்திருக்கே. அதான்."

"நான் பயப்படலை," என்றது பாப்பா, எழுதிக்கொண்டே.

மறுநாள் எண்பத்தாறு. அதற்கடுத்த நாள் எண்பத்திரண்டு. எண்ணும் நிமிடத்தில் அடுத்த வாக்கியத்தை ஒத்திகை பார்க்க முடியவில்லை. எண்ணி முடித்த பிறகு வாக்கியம் தடுமாறியது. பரீட்சையில் மணி கறாராக அடிக்கும். ஒரு நிமிடம் முழுதாக எண்ணினால் கடைசியில் ஏதோ ஒன்று விட்டுப்போகும் என்று சீனியர் எச்சரித்தாள். பரீட்சைக்கு மட்டும் சும்மா பிடிச்சுட்டு நில்லுங்களேன், யார் பார்க்கப்போறாங்க என்று கெஞ்சினாள்.  சும்மா பிடித்துக்கொண்டு நிற்கத் தன்னால் இனி முடியாது என்பது சிஸ்டருக்கே அப்போதுதான் புரியத் தொடங்கியிருந்தது.

பரீட்சை நாளில் அறைக்கு வெளியே இருபது பேர், இருபது நாட்டுக்காரர்கள், சுவரைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டு நின்றார்கள். மணி அடித்ததும் அவள் உள்ளே போனாள். கட்டிலில் இருந்தவர் எழுபதை நெருங்கும் வயதுக்காரர். நடிப்பதற்கு அவருக்கு அதிகம் தேவைப்படவில்லை. இடுப்பு வலிக்கிறது போலும், ஒருக்களித்துப் படுத்திருந்தார். அவள் கைகள் தலையணையை நோக்கிப் போகப் பார்த்தன. கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு வணக்கம் சொன்னாள். பெயர், தேதி, பட்டை, அனுமதி. பிறகு கேட்டாள்: தலையணையைச் சரிசெய்யட்டுமா? செய்யுங்கள் என்று அவர் உடனே சொன்னார். அது அட்டையில் இருந்த பதில் மாதிரி இல்லை.

மணிக்கட்டைப் பிடித்தாள். நான் இப்போது ஒரு முழு நிமிடம் எண்ணப்போகிறேன் என்று சொன்னாள். எண்ணினாள். அறையில் கடிகாரமும் தேர்வாளரின் பேனாவும் மட்டும் கேட்டன. அறுபத்தாறு. ஒவ்வொன்றும் முந்தையதன் பின்னால் ஒழுங்காக, வரிசை பிசகாமல் வந்தது. எண்ணி முடித்ததும் தேர்வாளர் அட்டையை நீட்டினார். தொண்ணூற்றாறு என்றிருந்தது.

"அட்டையில் தொண்ணூற்றாறு இருக்கிறது. பரீட்சைக்காக அதை எழுதுகிறேன். நான் எண்ணியது அறுபத்தாறு, சீராக," என்று அவள் அந்த ஊர் மொழியில் சொன்னாள்.

தேர்வாளர் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. காட்டக் கூடாது என்பது விதி. அவள் தொடர்ந்து ரத்த அழுத்தம், மூச்சு, உஷ்ணம் என்று போனாள். பரீட்சையின் கடைசிப் பகுதி, நோயாளிக்கு விளக்கிச் சொல்ல வேண்டியது, மீதமிருக்கும்போது மணி அடித்துவிட்டது.

அவள் நன்றி சொல்லித் திரும்பியபோது, கட்டிலில் இருந்தவர் குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி கேட்டார். பரீட்சையில் இல்லாத கேள்வி. காலையிலிருந்து பதினான்கு பேர் தன் கையைப் பிடித்துவிட்டார்கள், தன்னுடையது எவ்வளவு என்று ஒருவரும் சொல்லவில்லை, நிஜமாகவே அறுபத்தாறுதானா என்றார்.

நிஜமாகவே அறுபத்தாறுதான் என்றாள். நல்ல நாடி.

அவர் திருப்தியாகத் தலையை அசைத்துவிட்டு, அடுத்தவர் வருவதற்குள் மறுபடி முகத்தை வலியில் சுளித்துக்கொண்டார்.

முடிவு எட்டாம் நாள் வந்தது. பாப்பாதான் படித்தது. விளக்கிச் சொல்லும் பகுதியில் மதிப்பெண் போயிருந்தது. அப்படியும் தேவையானதற்கு மேல் இரண்டு மதிப்பெண் இருந்தது. தேறிவிட்டாய் என்று பாப்பா சொன்னபோது சிஸ்டர் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததை மறுபடி பிரித்து, மறுபடி மடித்தாள். சீனியர் போனில் அழுத அழுகையைப் பார்த்தால் அவளுக்குத்தான் முடிவு வந்தது என்று நினைக்கத் தோன்றும். அத்தை, நல்லது என்றார். அவன் இருந்திருந்தா தெருவுக்கே சொல்லியிருப்பான் என்றார். அந்த வாரம் கை விஷயமாக அவள் சொன்னது, அவன் நகத்தை வட்டமாக வெட்டாமல் நேராகவே வெட்டுவான் என்பது. அதை அத்தை சரிபார்த்து, ஆமாம், அவங்கப்பா மாதிரி என்றார்.

புது நிறச் சட்டை வந்தது. அதே வார்டு, அதே படுக்கைகள். இயந்திரம் எண்ணைக் காட்டிய பிறகும் அவள் ஒரு நிமிடம் விரல் வைத்துப் பார்ப்பாள். நேரம் வீணாகிறது என்று ஆரம்பத்தில் சொன்னார்கள், பிறகு சொல்வதில்லை.

வீட்டை மாற்றவில்லை. இந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் வாரமே அவன் ஃபிரிட்ஜின் கதவைக் கழற்றி, கீல்களை மறுபக்கம் மாற்றிப் பூட்டியிருந்தான். இடது கைக்காரனுக்கு அதுதான் வசதி. மற்ற இரண்டு பேரும் வலது கைக்காரர்கள். சமையலறை குறுகல். பால் எடுக்க வேண்டுமென்றால் சுவரோடு ஒட்டி நின்று, கையைக் குறுக்கே நீட்டித் திறக்க வேண்டும். கதவு இன்னும் அந்தப் பக்கமாகத்தான் திறக்கிறது.